போனவர் போயாச்சு... சாவி எங்கே? | டெக் ஜன்னல்

வாடகை வீட்டைக் காலி செய்து ஏழு மாதம் ஆகிறது. ஒருநாள் அந்தத் தெரு வழியாகப் போகிறீர்கள். கைப்பையில் பழைய சாவி கிடக்கிறது. சும்மா போட்டுத் திருகிப் பார்க்கிறீர்கள். கதவு திறந்துகொள்கிறது! உள்ளே வேறொரு குடும்பத்தின் பீரோ, டி.வி., குழந்தையின் ஸ்கூல் பேக். எப்படி இருக்கும் உங்களுக்கு?

எனக்கு அப்படியோர் அனுபவம் கிடைத்தது. ஆனால், அது வீட்டுக் கதவு இல்லை... சர்வர் கதவு.

இதழியல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தபோது, இணையதளங்களை நடத்தித் தரும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். படங்களையும் கட்டுரைகளையும் ஏற்றுவதற்காக, அவர்களின் லினக்ஸ் சர்வர்களில் எனக்கும் லாகின் கொடுத்தார்கள். பயிற்சி முடிந்த அன்று ஐ.டி. கார்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நோட்டில் கையெழுத்தும் வாங்கினார்கள். லாகின் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஏழு மாதம் கழித்து, பழைய லேப்டாப்பைத் தம்பிக்குக் கொடுப்பதற்காகச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கட்டளைகள் டைப் செய்யும் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து, மேல் அம்புக்குறியைத் தட்டினால் முன்பு அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாக வரும். அதில் ஒன்று, சர்வருக்குள் போகும் கட்டளை. யோசிக்காமல் என்டர் தட்டிவிட்டேன். பாஸ்வேர்டு கேட்டது. விரல்களுக்கு அது மறக்கவே இல்லை. உள்ளே போய்விட்டேன்.

ஒரு ஜவுளிக்கடையின் இணையதளம், ஒரு ஸ்கூலின் இணையதளம், ஒரு ஸ்கேன் சென்டரின் இணையதளம் என எல்லா ஃபோல்டர்களும் கண்முன்னே வரிசையாக. பதறிப்போய் வெளியே வந்து, அங்கே அட்மினாக இருந்த அண்ணனுக்கு போன் போட்டேன்.

“அண்ணே, பயிற்சிக்கு வந்திருந்தேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கும்மா, சொல்லு.”

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“உன் பேரை எடுத்தேனேம்மா...” என்றவர், “இரு... எந்த சர்வர்ல உள்ளே போன?” என்றார்.

“ரெண்டாவதுல அண்ணே.”

“அதானே பார்த்தேன். மொத சர்வர்ல எடுத்தேன். ரெண்டாவதுல நீ இருக்கிறதே மறந்துபோச்சு.”

“மொத்தம் எத்தனை சர்வர் அண்ணே?”

“பதினொண்ணும்மா. ஆள் நான் ஒருத்தன்தான்.”

அவர் பொறுப்பில்லாதவர் இல்லை. நான் பார்த்தவரை ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுக்கிற மனிதர். பதினொரு கதவுக்குப் பதினொரு தனித்தனி நோட்டு என்ற ஏற்பாட்டில்தான் கோளாறு. இந்த வாரம் ஜன்னல் வழியாக நாம் பார்க்கப்போவது அந்த ஏற்பாட்டையும், அதற்கு மாற்றாக வந்த ‘ஒரே பதிவேடு’ ஏற்பாட்டையும்தான்.

லினக்ஸ்... நம்ம வீட்டிலும் இருக்கு!

‘சர்வர், லினக்ஸ் எல்லாம் நமக்கெதற்கு?’ என்று ஸ்க்ரோல் செய்துவிடாதீர்கள். ஃபின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். இன்று நீங்கள் இதைப் படிக்கும் போன் ஆண்ட்ராய்டு என்றால், அதன் அடித்தளத்தில் ஓடுவது லினக்ஸ்தான். உலகின் அதிவேகமான 500 சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் இருப்பவை எல்லாமே 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் இயங்குகின்றன. இணையத்தின் மிகப்பெரும் பகுதியைத் தாங்கி நிற்பதும் லினக்ஸ் சர்வர்களே.

நம்முடைய ஸ்கேன் ரிப்போர்ட், பிள்ளையின் மார்க் லிஸ்ட், ஆன்லைனில் புடவை வாங்கியபோது கொடுத்த முகவரி எல்லாம் இப்படி ஏதோ ஒரு சர்வரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கதவுக்கு யாரிடமெல்லாம் சாவி இருக்கிறது என்பது நம்முடைய கவலையும்தான்.

வீட்டுக்கு வீடு ஒரு நோட்டு

லினக்ஸ் சர்வர் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு நோட்டு வைத்திருக்கும். உள்ளே வர அனுமதி உள்ளவர்களின் பெயர்கள் ஒரு ஃபைலில். அவர்களின் பாஸ்வேர்டு, யாரும் படிக்க முடியாதபடி உருமாற்றப்பட்டு, ‘ஷேடோ’ என்ற இன்னொரு ஃபைலில். நீங்கள் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால், சர்வர் தன் நோட்டைப் பார்த்துச் சரியென்றால் கதவைத் திறக்கும்.

ஒரு சர்வர் இருக்கும்வரை இது அருமையான ஏற்பாடு. பத்து ஆனதும் சிக்கல் ஆரம்பிக்கிறது. புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்தால் பத்து நோட்டில் எழுத வேண்டும். அவர் பாஸ்வேர்டை மாற்றினால் பத்து இடத்தில் மாற்ற வேண்டும். அவர் வேலையை விட்டுப் போனால், பத்து நோட்டிலும் அடிக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சேர்ப்பதை மறந்தால், சேர்ந்தவர் உடனே வந்து, “சார், எனக்கு லாகின் ஆகலை” என்று சொல்லிவிடுவார். நீக்குவதை மறந்தால், யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். போனவர் போயேவிட்டார். நோட்டில் அவர் பெயர் மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்தத் தவறு வருடக்கணக்கில் வெளியே தெரிவதில்லை.

456 இயந்திரங்கள் அழிந்த கதை

நான் பதறி வெளியே வந்துவிட்டேன். எல்லோரும் அப்படி வருவார்களா?

அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர் ஒருவர், 2018 ஏப்ரல் வாக்கில் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். ஐந்து மாதம் கழித்து, செப்டம்பர் 24-ம் தேதி, நிறுவனத்தின் கிளவுட் சர்வர்களுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தார். அவர் ஓடவிட்ட நிரல் 456 மெய்நிகர் இயந்திரங்களை அழித்துவிட்டது. மீட்டிங் நடத்த உதவும் ‘வெப்எக்ஸ் டீம்ஸ்’ செயலியில் 16,000-க்கும் மேற்பட்ட கணக்குகள் முடங்கின. சில கணக்குகள் திரும்பி வர இரண்டு வாரம் வரை ஆனது. சரிசெய்த ஊழியர்களின் உழைப்புக்கு மட்டும் சுமார் 14 லட்சம் டாலர் செலவு. வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தந்தது 10 லட்சம் டாலருக்கு மேல். அவருக்கு 2020 டிசம்பரில் 24 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

இன்னொன்று, போனவரே திரும்பி வராத கதை. 2021 மே மாதம், அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்ற எரிபொருள் குழாய் நிறுவனத்துக்குள் பிணைத்தொகை கேட்கும் கும்பல் ஒன்று புகுந்தது. அவர்கள் நுழைந்தது, வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வருவதற்கான, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய வழியில். அந்தக் கணக்குக்கு பாஸ்வேர்டு மட்டும்தான் பூட்டு, ஓ.டி.பி. போன்ற இரண்டாவது பூட்டு இல்லை. சுமார் 8,850 கிலோமீட்டர் நீளக் குழாயை நிறுவனம் நிறுத்திவைக்க வேண்டி வந்தது. பெட்ரோல் பங்க்குகளில் வரிசை கட்டி நின்றார்கள் மக்கள். கும்பலுக்குக் கொடுத்த தொகை சுமார் 44 லட்சம் டாலர்.

யாரும் பயன்படுத்தாத ஒரு சாவி, யார் கையில் வேண்டுமானாலும் போய்ச் சேரலாம்.

வாசலில் ஒரே பதிவேடு

பெரிய அப்பார்ட்மென்ட்களில் என்ன செய்கிறார்கள்? ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு நோட்டு வைப்பதில்லை. வாசலில் செக்யூரிட்டி அலுவலகம்; அங்கே ஒரே பதிவேடு. ஒரு பெயரை அங்கே அடித்தால், எல்லா பிளாக்கிலும் அடித்த மாதிரி.

கம்ப்யூட்டர் உலகில் இந்தப் பதிவேட்டுக்குப் பெயர் டைரக்டரி. இந்த யோசனை புதிதல்ல. 1980-களிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ‘யெல்லோ பேஜஸ்’ என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தப் பெயரின் வணிக உரிமை பிரிட்டனில் பிரிட்டிஷ் டெலிகாமிடம் இருந்ததால், பிறகு ‘நிஸ்’ என்று பெயர் மாற்ற வேண்டி வந்தது. 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ‘எல்டாப்’ வந்தது. டைரக்டரியிடம், ‘இந்தப் பெயரில் யாராவது இருக்கிறார்களா, எந்தக் குழுவில்?’ என்று கேட்பதற்கான பொது மொழி அது.

பெயரைக் கேட்பது ஒருபுறம். ‘நான்தான் அவர்’ என்று நிரூபிப்பது இன்னொருபுறம். அதற்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. உருவாக்கியது ‘கெர்பரோஸ்’. கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர். இது சினிமா தியேட்டர் மாதிரி வேலை செய்யும். கவுன்ட்டரில் ஒருமுறை உங்களை நிரூபித்தால் டிக்கெட் தருவார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதவிலும் பாஸ்வேர்டு சொல்ல வேண்டியதில்லை, டிக்கெட்டைக் காட்டினால் போதும். மைக்ரோசாஃப்ட் ஏற்பாட்டில் இந்த டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். இதில் கடிகாரம் முக்கியம். சர்வரின் நேரமும் மையத்தின் நேரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் டிக்கெட் செல்லாது. “பாஸ்வேர்டு சரிதான், ஆனா உள்ளே விடமாட்டேங்குது” என்று ஒரு நாள் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் கடிகாரத்தைச் சரிசெய்து தலையில் அடித்துக்கொண்ட அட்மின்கள் ஏராளம்.

இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து 2000-ம் ஆண்டு விண்டோஸ் 2000 சர்வரோடு மைக்ரோசாஃப்ட் கொடுத்ததுதான் ‘ஆக்டிவ் டைரக்டரி’. கூடவே ‘குரூப் பாலிசி’ என்ற விதிப் புத்தகமும் வந்தது. ‘கணக்குப் பிரிவினர் இந்தக் கம்ப்யூட்டர்களில் மட்டும் நுழையலாம்’ என்பது போன்ற விதிகளை ஒரே இடத்தில் எழுதினால், அந்த ஏற்பாட்டில் சேர்ந்த எல்லா விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் கட்டுப்படும்.

சரி, லினக்ஸ் சர்வர்கள் இந்த விண்டோஸ் வீட்டு விதிப் புத்தகத்தைப் படிக்குமா?

நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

படிக்கும். அதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும். லினக்ஸ் உலகில் அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் பலரும் பயன்படுத்துவது ‘எஸ்.எஸ்.எஸ்.டி.’. லினக்ஸ் சர்வருக்குள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் லாகின் செய்யும்போது, சர்வரின் சொந்த நோட்டைத் தாண்டி, மையப் பதிவேட்டிடமும் போய்க் கேட்டு வரும்.

2014-ல் வந்த 1.12 பதிப்பிலிருந்து, இது குரூப் பாலிசியில் உள்ள நுழைவு விதிகளையும் படிக்கக் கற்றுக்கொண்டது. அதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, சர்வரின் முன்னால் நேரில் உட்கார்ந்து நுழைபவர்களுக்கான விதி. இன்னொன்று, எங்கிருந்தோ நெட்வொர்க் வழியாக நுழைபவர்களுக்கான விதி. ஒவ்வொன்றிலும் ‘அனுமதி’ பட்டியல் ஒன்று, ‘தடை’ பட்டியல் ஒன்று. இரண்டிலும் உங்கள் பெயர் இருந்தால் தடைதான் ஜெயிக்கும்.

தொலைவிலிருந்து நுழைவதற்கான விதிக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயரில் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்று வரும். லினக்ஸில் தொலைவிலிருந்து நுழைவது ‘எஸ்.எஸ்.ஹெச்.’ என்ற கறுப்புத் திரை வழியாக. டெஸ்க்டாப்பே கிடையாது! ஆனாலும் நம் மொழிபெயர்ப்பாளர் இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வார். இது தெரியாமல், ‘நம்மிடம்தான் ரிமோட் டெஸ்க்டாப் இல்லையே’ என்று அந்த விதியைக் கவனிக்காமல் விடுபவர்கள் உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குரூப் பாலிசியில் வால்பேப்பரிலிருந்து பிரின்டர் வரை ஆயிரம் விதிகள் எழுதலாம். எஸ்.எஸ்.எஸ்.டி. அவை எல்லாவற்றையும் லினக்ஸுக்குக் கொண்டுபோகாது. ‘யார் நுழையலாம்’ என்ற பகுதியை மட்டும்தான் மதிக்கும்.

அண்ணன் வெளியே நின்ற நாள்

மீண்டும் நம் அட்மின் அண்ணனிடம் வருவோம். என் போனுக்கு மறுநாள் அவரே கூப்பிட்டார்.

“உன் ஒரு பேரை எடுக்கத்தான்மா உட்கார்ந்தேன். பதினொரு சர்வரையும் அலசினா, வேலையை விட்டுப் போனவங்க இன்னும் ஒன்பது பேர் இருக்காங்க. அதுல ஒருத்தர் யாருன்னு எனக்கே தெரியலை.”

அந்த அலுவலகத்தின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரி இருந்தது. லினக்ஸ் சர்வர்களையும் அதில் சேர்த்துவிடுவது என்று முடிவெடுத்தார். சேர்த்தும்விட்டார். அன்று மாலை விளையாட்டாக, கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காவின் லாகினை வைத்து, அவரையே உட்காரவைத்து முயன்று பார்க்கச் சொன்னார். அக்கா நேராக சர்வருக்குள் போய்விட்டார்!

காரணம் எளிது. அனுமதிப் பட்டியலில் எதுவுமே எழுதாவிட்டால், ‘விதி இல்லை, எனவே தடையும் இல்லை’ என்று எஸ்.எஸ்.எஸ்.டி. எடுத்துக்கொள்ளும். பதிவேட்டில் பெயர் உள்ள எல்லோரும் உள்ளே வரலாம். ‘விதி இல்லாவிட்டால் யாருக்கும் அனுமதி இல்லை’ என்று தலைகீழாக்க ஓர் அமைப்பு இருக்கிறது. நாமாகத்தான் அதை இயக்க வேண்டும். ஒன்பது பழைய பெயர்களை வெளியேற்றப் போய், ஆபீஸ் மொத்தத்தையும் உள்ளே விட்டிருந்தார் அண்ணன்.

உடனே விதி எழுதினார். ‘இணையதளக் குழுவினர் மட்டும் தொலைவிலிருந்து நுழையலாம்.’ சேமித்தார். நிம்மதியாக டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து சர்வருக்குள் போகப் பார்த்தால், ‘அனுமதி இல்லை’.

“இணையதளக் குழுல நான் இல்லையேம்மா! நான் அட்மின் குழு. நான் போட்ட பூட்டுக்கு நானே வெளியே நிக்கிறேன்” என்று அவர் சொன்னபோது, போனில் இருவரும் சிரித்துவிட்டோம். விதிப் புத்தகம் இருந்த விண்டோஸ் பக்கம் போய், அட்மின் குழுவின் பெயரையும் சேர்த்த பிறகே கதவு திறந்திருக்கிறது.

இப்படி மாட்டிக்கொள்ளாமல் இருக்கவே ஓர் ஒத்திகை வசதி உண்டு. ‘பெர்மிசிவ்’ நிலையில் வைத்தால், விதி யாரையும் தடுக்காது. ‘அமலில் இருந்திருந்தால் இவரைத் தடுத்திருப்பேன்’ என்று பதிவில் மட்டும் எழுதிவைக்கும். சில நாள் ஓடவிட்டு, அந்தப் பதிவைப் படித்து, விடுபட்டவர்களைச் சேர்த்துவிட்டு, ‘என்ஃபோர்சிங்’ நிலைக்கு மாற்றலாம். அப்போது விதி நிஜமாகவே தடுக்கத் தொடங்கும்.

நிறுவனங்களில் அதிகம் பயன்படும் ரெட் ஹாட் லினக்ஸின் 7-ம் பதிப்பில், தானாகவே அமைந்திருந்தது ஒத்திகை நிலை. 2019-ல் வந்த 8-ம் பதிப்பில் அது ‘என்ஃபோர்சிங்’ ஆகிவிட்டது. பழைய பதிப்பில் வருடக்கணக்காக யாரும் கவனிக்காத விதி ஒன்று இருந்திருந்தால், புதிய பதிப்புக்கு மாறிய அன்று அது விழித்துக்கொண்டு, நேற்றுவரை வந்துபோனவர்களை வாசலிலேயே நிறுத்தும். பதிப்பு மாற்றும் முன் அட்மின்கள் பார்க்க வேண்டிய முதல் இடம் இது.

விண்டோஸே இல்லாத, முழுக்க லினக்ஸ் அலுவலகம் என்றால்? அதற்கு ‘ஃப்ரீ-ஐ.பி.ஏ.’ என்ற இலவச டைரக்டரி இருக்கிறது. ‘யார், எந்த சர்வருக்குள், எந்த வழியாக’ என்று மூன்றையும் சேர்த்து விதி எழுதலாம். இதிலும் ஒரு பொறி உண்டு. நிறுவியதும், ‘எல்லோருக்கும் எல்லா இடத்திலும் அனுமதி’ என்ற விதி ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை நிறுத்தாமல் நீங்கள் எத்தனை நுணுக்கமான விதி எழுதினாலும், அந்த ஒரு வரி எல்லாவற்றையும் திறந்துவைத்துவிடும்.

பதிவேடு பார்க்காத பின்வாசல்கள்

மையப் பதிவேட்டில் பெயரை முடக்கிவிட்டால் வேலை முடிந்ததா? முக்கால்வாசி முடிந்தது. மிச்சம் கால்வாசியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலாவது, சர்வரின் சொந்த நோட்டு. மையப் பதிவேடு வந்துவிட்டதால் அது அழிந்துவிடாது. அதில் முன்பு எழுதிய பெயர்கள் அப்படியே இருக்கும். அவர்களுக்கு மைய விதி பொருந்தாது. ஒவ்வொரு சர்வராகப் போய்ப் பழைய பெயர்களை எடுப்பது, ஒருமுறை செய்தே ஆக வேண்டிய வேலை. அண்ணன் கண்டுபிடித்த ஒன்பது பேரும் இருந்தது அங்கேதான்.

இரண்டாவது, பொதுக் கணக்கு. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெயரில் நுழைவது. ஒருவர் போனால் மற்றவர்களுக்காக அந்தக் கணக்கை வைத்தே ஆக வேண்டும். போனவருக்கோ பாஸ்வேர்டு தெரியும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக ‘கீ ஃபைல்’ வைத்து நுழையும் பழக்கமும் உண்டு. அந்தக் கணக்குக்குள் போனவரின் கீ இன்னும் கிடக்கலாம்.

மூன்றாவது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர். காலை பத்து மணிக்கு ஒருவர் உள்ளே நுழைந்துவிட்டார், பதினொரு மணிக்கு அவர் கணக்கை முடக்குகிறீர்கள் என்றால், அவர் திரை உடனே மூடிக்கொள்ளாது. அடுத்தமுறை வரும்போதுதான் தடுக்கும். வெளியேற்றுவது தனி வேலை.

நான்காவது, ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும் சர்வர். நெட்வொர்க் அறுந்து மையத்தைத் தொடர்புகொள்ள முடியாமல் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, கடைசியாகச் சரிபார்த்த பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவத்தைச் சர்வரிலேயே சேமித்துவைக்கும் வசதி உண்டு. நல்ல வசதிதான். ஆனால், மையத்தோடு துண்டிக்கப்பட்டிருக்கும் நேரத்தில், நேற்று முடக்கப்பட்டவர் இன்று உள்ளே வர அது வழிவிடலாம். எத்தனை நாள்வரை இந்த ஞாபகம் செல்லும் என்று கெடு வைக்க முடியும். வைக்காவிட்டால் கெடுவே கிடையாது.

கானாவில் கரன்ட் போனதால் பிழைத்த நிறுவனம்

ஒரே பதிவேடு என்றதும் உங்களில் சிலருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். அந்தப் பதிவேடே தொலைந்தால்?

நியாயமான கேள்வி. 2017 ஜூன் 27 அன்று ‘நாட்பெட்யா’ என்ற நாசகார மென்பொருள், உக்ரைனின் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் பரவியது. அதில் சிக்கிய பெரிய நிறுவனம், டென்மார்க்கின் மெர்ஸ்க். அப்போது உலகின் மிகப்பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமாக இருந்தது அதுதான். மும்பை அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையமும் அன்று ஸ்தம்பித்தது.

ஆக்டிவ் டைரக்டரியின் பதிவேட்டைச் சுமந்திருக்கும் சர்வர்களுக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். மெர்ஸ்க்கிடம் உலகமெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனாலும் இன்னொன்றில் பிரதி இருக்கும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால், எல்லாமே ஒன்றோடொன்று இணைந்திருந்ததால், ஒரே அடியில் எல்லாமே போயின. பதிவேடு இல்லாமல் எதையும் மீட்க முடியாது.

கடைசியில், ஆப்பிரிக்காவின் கானாவில் ஒன்று உயிரோடு இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரன்ட் கட்! சர்வர் நெட்வொர்க்கில் இல்லை, அதனால் தப்பித்தது. அங்கிருந்து இணையத்தில் அனுப்ப வேகம் போதவில்லை. கானா ஊழியர்கள் யாரிடமும் பிரிட்டிஷ் விசா இல்லை. எனவே ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் கொடுக்க, அவர் அதை லண்டனுக்குக் கொண்டுசேர்த்தார் என்று ‘வயர்டு’ இதழ் 2018-ல் விரிவாக எழுதியது. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்து நாளில் மறுபடி நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே மதிப்பிட்டது.

எனவே, ஒரே பதிவேடு வைப்பவர்கள் இரண்டு காரியம் செய்தே ஆக வேண்டும். பதிவேட்டின் ஒரு பிரதி, நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லாமல் தனியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு சர்வரிலும் அவசரத்துக்கு ஒரே ஓர் உள்ளூர்க் கணக்கு இருக்க வேண்டும். அதன் பாஸ்வேர்டை உறையிலிட்டு, சீல் வைத்து, பூட்டிய அலமாரியில் வைக்க வேண்டும். திறந்தால் யார், எப்போது, எதற்காகத் திறந்தார் என்று எழுதிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். பஸ்ஸில் அவசர வழிக் கண்ணாடியின் பக்கத்தில் சுத்தியல் தொங்குமே, அது மாதிரி.

நம் வீட்டுப் பதிவேடு

நம்மில் பெரும்பாலானோர் சர்வர் வைத்திருக்கவில்லை. ஆனால், எல்லோரிடமும் கொடுத்துவிட்டு மறந்த சாவிகள் இருக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி இவற்றைப் பாருங்கள்.

* உங்கள் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பட்டியல் இருக்கும். விற்றுவிட்ட போன், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏதாவது தெரிந்தால் வெளியேற்றுங்கள்.

* வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் துண்டியுங்கள். ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்க லாகின் செய்தது அங்கேதான் இருக்கும்.

* கடை நடத்துகிறீர்களா? பில்லிங் மென்பொருளுக்கு எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைக்காதீர்கள். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கம் வேலைக்கு வந்த பையனின் சொந்த போன் நம்பரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில், சாவியும் சீருடையும் திரும்ப வாங்கும் அதே நோட்டில், ‘லாகின் முடக்கியாச்சா?’ என்று ஒரு வரி சேருங்கள்.

* வேலையை விட்டுப் போகிறவர் நீங்கள் என்றால், “என் லாகினை எடுத்துடுங்க சார்” என்று நீங்களே கேளுங்கள். பிற்பாடு ஏதாவது நடந்தால் உங்கள் பெயர் அடிபடாமல் இருக்க அதுதான் நல்லது.

முக்கியமாக இன்னொன்று. பழைய லாகின் வேலை செய்கிறதா என்று என்னைப் போல ‘சும்மா’ தட்டிப் பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவின்படி இழப்பீடு கட்ட வேண்டி வரலாம். தீய எண்ணத்தோடு செய்தது நிரூபணமானால் 66-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கதவு திறந்திருக்கிறது என்பது அனுமதி ஆகாது.

இந்தக் கட்டுரைக்காக அண்ணனிடம் மறுபடி பேசினேன். இப்போது யாராவது வேலையை விட்டால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

“பதிவேட்டுல ஒரு டிக் அடிச்சா போதும்மா, பதினொரு சர்வரும் மூடிக்கும். ஆனா உறையில இருக்கிற அந்த அவசரக் கணக்கைத்தான் மாசா மாசம் எடுத்துச் சோதிச்சுப் பார்க்கணும். அதை மறந்துட்டா மறுபடியும் வெளியே நிக்க வேண்டியதுதான்” என்றார்.

“என் பேரு அண்ணே?”

“போம்மா... அதைத்தான் மொதல்ல எடுத்தேன்!”

உங்கள் வீட்டில், கடையில், ஆபீஸில் இப்படி மறந்துபோன சாவி எதையாவது கண்டுபிடித்தீர்களா? கமென்ட்டில் சொல்லுங்கள். பாஸ்வேர்டை மட்டும் சொல்லிவிடாதீர்கள்!

*அடுத்த வாரம் மீண்டும் ஜன்னலைத் திறப்போம்.*